அங்கோர்: தண்ணீரால் வளர்ந்த மாநகரம் தண்ணீராலேயே சரிந்தது எப்படி?

ரோமப் பேரரசு விழுந்ததற்கும் கொலம்பஸ் கப்பல் ஏறியதற்கும் நடுவில் சுமார் 1,000 ஆண்டுகள். ஸ்கூல் பாடத்தில் இதை 'இடைக்காலம்' என்று படித்திருப்போம். ஐரோப்பாவை மட்டும் பார்த்தவர்கள் 'இருண்ட காலம்' என்றுகூடச் சொன்னார்கள். அதே காலத்தில்தான் பாக்தாத்தில் அறிஞர்கள் கணிதமும் வானியலும் எழுதிக் குவித்தார்கள். சீனாவில் காகிதப் பணம் புழங்கியது. இன்றைய கம்போடியாவில் சுமார் 1,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து விரிந்த ஒரு மாநகரம் இயங்கிக்கொண்டிருந்தது.

அந்த நகரம்தான் அங்கோர். அங்கோர் வாட் கோயில் போட்டோவைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றி ஒரு பெரிய நகரமே இருந்தது, அதில் 7 முதல் 9 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றின் மதிப்பீடு இது. அதே 13-ஆம் நூற்றாண்டில் லண்டனின் மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டியே இருந்தது.

இவ்வளவு பேருக்குச் சோறு போட்டது எது? அப்படிப்பட்ட நகரம் ஏன் காலியானது? இரண்டு கேள்விகளுக்கும் தண்ணீரில்தான் விடை இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

அங்கோர் எங்கே இருக்கிறது? யாருடையது?

கம்போடியாவின் வடமேற்கில், சியெம் ரீப் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அங்கோர். கெமர் மக்களின் பேரரசுக்குத் தலைநகரம். கி.பி. 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் குலென் மலையில் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார் என்று பின்னாளில் எழுதப்பட்ட ஒரு கல்வெட்டு சொல்கிறது. அந்த ஆண்டைத்தான் அங்கோர் காலத்தின் தொடக்கமாக வரலாற்றாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு சுமார் 600 ஆண்டுகள் இந்தப் பகுதியே பேரரசின் மையம். உச்சத்தில் இருந்தபோது இன்றைய கம்போடியாவோடு தாய்லாந்து, லாவோஸ், தெற்கு வியட்நாம் ஆகியவற்றின் பெரும் பகுதிகளும் இதன் கட்டுப்பாட்டில் இருந்தன.

அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னரா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் தகவல் இது. இல்லை என்பதுதான் பதில். அங்கோர் வாட்டைக் கட்டியவர் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் மன்னர். 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில் அது. அங்கோர் மன்னர்களின் கல்வெட்டுகள் கெமர் மொழியிலும் சமஸ்கிருதத்திலும் இருக்கின்றன. 'வர்மன்' என்ற பின்னொட்டு சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. பல்லவர்களும் வைத்துக்கொண்டார்கள், கெமர் மன்னர்களும் வைத்துக்கொண்டார்கள். பெயரில் வர்மன் இருப்பதாலேயே ஒருவர் தமிழர் ஆகிவிட மாட்டார்.

அதற்காகத் தமிழகத்தோடு தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. கெமர் எழுத்துமுறை பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது. காம்போஜ மன்னர் ராஜேந்திர சோழனுக்கு ஒரு தேரைப் பரிசாக அனுப்பி நட்பு கோரியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அந்த மன்னர் முதலாம் சூரியவர்மனாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆக, இரண்டு அரசுகளுக்கும் பழக்கம் இருந்தது. ஆனால் அங்கோரைக் கட்டிய உழைப்பும் திட்டமும் கெமர் மக்களுடையது.

மழை இருந்தும் ஏன் ஏரி வெட்டினார்கள்?

கம்போடியாவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மொத்த மழையில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அடுத்த ஆறு மாதம் வானம் திறக்காது. சிம்பிளா சொன்னால், ஆறு மாதம் வெள்ளம், ஆறு மாதம் வறட்சி.

நகரத்துக்குத் தெற்கே டோன்லே சாப் ஏரி இருக்கிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுருங்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் மேகாங் ஆற்றில் வெள்ளம் வந்தால், ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு அப்படியே திசை திரும்பி ஏரிக்குள் பாயும். ஏரி 10,000 சதுர கிலோமீட்டரையும் தாண்டி விரியும். மீனும் வண்டலும் இலவசமாக வந்து சேரும். அங்கோர் மக்களின் முதல் சொத்து இந்த ஏரிதான்.

இரண்டாவது சொத்து, வடக்கே இருக்கும் குலென் மலை. அங்கிருந்து இறங்கும் ஆறுகள் நகரத்தைக் கடந்து ஏரியில் கலக்கின்றன. மலைக்கும் ஏரிக்கும் நடுவில் மெல்லச் சரியும் சமவெளி. கெமர் பொறியாளர்கள் அந்தச் சரிவைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்.

'பாராய்' என்றால் என்ன?

அங்கோரில் மன்னர்கள் கட்டிய பெரிய செவ்வக ஏரிகளுக்குப் 'பாராய்' என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவை பள்ளம் தோண்டி உருவாக்கியவை அல்ல. தரைக்கு மேல் நான்கு பக்கமும் மண் கரை எழுப்பி, நடுவில் தண்ணீரைத் தேக்கினார்கள். இதில் ஒரு லாபம் உண்டு. ஏரியின் தண்ணீர் மட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமாக இருப்பதால், இறைக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்துவிட்டால் தானாகத் தெற்கு நோக்கி ஓடும்.

9-ஆம் நூற்றாண்டில் முதலாம் இந்திரவர்மன் 3.8 கிலோமீட்டர் நீள இந்திரதடாகத்தைத் தொடங்கினார். முடிசூடிய ஐந்தே நாளில் இந்த வேலையைத் தொடங்குவதாக அவர் உறுதி எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கோயில், அரண்மனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் மகன் முதலாம் யசோவர்மன் கட்டிய கிழக்கு பாராய் 7.5 கிலோமீட்டர் நீளம், 1.8 கிலோமீட்டர் அகலம். 11-ஆம் நூற்றாண்டில் வந்த மேற்கு பாராய் இன்னும் பெரியது. நீளம் 8 கிலோமீட்டர், அகலம் 2.1 கிலோமீட்டர். இதில் சுமார் 5 கோடி கன மீட்டர் தண்ணீர் தேக்கலாம். நமக்குப் பழக்கமான கணக்கில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் டிஎம்சி. ஜேசிபி இல்லாத காலத்தில், கூடையில் மண் சுமந்து கட்டிய கரை!

ஏரிகள் மட்டும் தனியாக இல்லை. ஆறுகளைத் திருப்பிவிடும் வெட்டுக்கால்வாய்கள், செம்புரைக்கல்லில் கட்டிய கலிங்குகள், கோயில் அகழிகள், தெருவுக்குத் தெரு குளங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. இன்றைய சியெம் ரீப் ஆற்றின் ஒரு பகுதியே அந்தக் காலத்தில் மனிதர்கள் வெட்டித் திருப்பிய வாய்க்கால்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தண்ணீர் பாசனத்துக்கா, சாமிக்கா?

ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்த கேள்வி இது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் பெர்னார் பிலிப் குரோலியே, அங்கோர் ஒரு 'நீர் நகரம்', பாராய்கள் பாசனத்துக்காகவே கட்டப்பட்டன என்றார். மறுத்தவர்கள், "ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகும் மதகு எங்கே? இவை புராணக் கடல்களைக் குறிக்கும் சடங்கு ஏரிகள்" என்றார்கள்.

பிறகு சிட்னி பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் பிளெட்சர் தலைமையிலான குழுவும் பிரெஞ்சு, கம்போடிய ஆய்வாளர்களும் சேர்ந்து விண்வெளிப் படங்கள், ரேடார், களஆய்வு ஆகியவற்றை வைத்து வரைபடம் தயாரித்தார்கள். வரத்துக்கால்வாய்களும் வெளியேற்றும் வழிகளும் கண்ணில் பட்டன. இப்போது பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து, இரண்டும் உண்மை என்பது. வெள்ளம் வந்தால் நகரத்தைக் காப்பது, மழை தவறினால் நெல்லைக் காப்பது, மன்னரின் புண்ணியத்தையும் அதிகாரத்தையும் ஊருக்குக் காட்டுவது என ஒரே ஏரி பல வேலை செய்தது.

அங்கோர் வாட் அகழியும் அப்படித்தான். சுமார் 190 மீட்டர் அகலமுள்ள அந்த அகழி பார்ப்பதற்கு அழகு மட்டுமல்ல. கோயில் நிற்பது மணற்பாங்கான நிலத்தில். நிலத்தடியில் ஈரம் ஒரே அளவில் இருந்தால்தான் அந்த மணல் அசையாமல் பாரத்தைத் தாங்கும்.

மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

1296-இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த ஜோ தாகுவான் என்பவர் சுமார் ஒரு வருஷம் அங்கோரில் தங்கி எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. வருஷத்துக்கு மூன்று நான்கு முறை அறுவடை நடக்கிறது, சந்தையில் வியாபாரம் செய்வது பெண்கள்தான், மன்னர் யானை மேல் பவனி வருகிறார் என்றெல்லாம் எழுதுகிறார். பணக்கார வீடுகளில் அடிமைகள் இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். பிரம்மாண்டத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு யாருடையது என்பதை அது காட்டுகிறது.

நெல் எங்கே போனது என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் அமைத்த தா புரோம் கோயிலின் கல்வெட்டுப்படி, கோயிலுக்குள் 12,640 பேர் தங்கியிருந்தார்கள். இதற்குப் பொருளும் சேவையும் தர 3,140 ஊர்களைச் சேர்ந்த 79,365 பேர் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். இது ஒரே ஒரு கோயிலின் கணக்கு. அதே கல்வெட்டு நாடு முழுக்க 102 மருத்துவமனைகள் இருந்ததையும் சொல்கிறது.

சாதாரண மக்களின் வீடுகள் மரத்தாலும் மூங்கிலாலும் ஆனவை. அவை மக்கிப் போய்விட்டன. கல் கோயில்கள் மட்டும் நின்றதால், ஏதோ காட்டுக்குள் தனியாகக் கோயில் கட்டிவிட்டுப் போனார்கள் என்ற எண்ணம் பரவியது. அதை உடைத்தது லைடார். ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி, மரங்களுக்கு அடியில் இருக்கும் தரையின் மேடு பள்ளத்தை அளக்கும் தொழில்நுட்பம் இது. 2012-இலும் 2015-இலும் நடந்த இந்த ஆய்வில், காட்டுக்கு அடியில் தெருக்கள், வீட்டு மேடுகள், குளங்கள் எல்லாம் கட்டம் போட்ட மாதிரி தெரிந்தன.

அப்படியென்றால் என்னதான் நடந்தது?

பழைய புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். 1431-இல் அயுத்தயா படை அங்கோரைப் பிடித்தது, நகரம் அழிந்தது, அவ்வளவுதான் என்பார்கள். போர் நடந்தது உண்மை. ஆனால் அங்கோர் அதற்கு முன்பும் தாக்கப்பட்டிருக்கிறது. 1177-இல் சம்பா அரசின் படை தாக்கியதாகக் கூறப்படுகிறது. அதிலிருந்து எழுந்து ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது. அப்போது எழ முடிந்த நகரம், 15-ஆம் நூற்றாண்டில் ஏன் எழவில்லை?

இங்கேதான் மரங்கள் சாட்சி சொல்கின்றன. வியட்நாம் மலைகளில் பல நூறு ஆண்டுகள் வாழும் ஒருவகை ஊசியிலை மரங்கள் உண்டு. நல்ல மழை பெய்தால் வளையம் தடிமனாகும், வறட்சி என்றால் மெலியும். அந்த வளையங்களைப் படித்த ஆய்வு 2010-இல் வெளியானது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுகள் நீடித்த வறட்சி, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு கடும் வறட்சி, நடுநடுவே அளவுக்கு மீறிய பெருமழை எனப் பருவமழை தாறுமாறாக ஆடியது அதில் தெரிந்தது.

வெறும் வறட்சி என்றால் ஏரியை ஆழப்படுத்தலாம். வெறும் வெள்ளம் என்றால் வடிகாலை அகலப்படுத்தலாம். இரண்டும் மாறி மாறி வந்தால்?

ஒரு கால்வாய் உடைந்தால் ஊரே ஏன் பாதிக்கும்?

வறட்சியில் கால்வாய்களில் தண்ணீர் குறைந்து வண்டல் படிந்தது. ஓரங்கள் பலவீனமாகின. அடுத்து வந்த பெருவெள்ளம் பலவீனமான இடத்தில் அரித்துக்கொண்டு பாய்ந்தது. அரித்த கால்வாய் ஆழமாகிறது. ஆழமான கால்வாய் இன்னும் அதிகத் தண்ணீரை இழுக்கிறது. இழுத்த தண்ணீர் மேலும் அரிக்கிறது. அதே நேரம் மற்றக் கால்வாய்களுக்குத் தண்ணீர் போகாமல் அவை தூர்ந்து போகின்றன. அரித்த மண் முழுவதும் கீழே இருக்கும் வாய்க்கால்களை அடைக்கிறது.

2018-இல் டான் பென்னி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கோரின் நீர் வலைப்பின்னலைக் கணினியில் உருவாக்கிப் பார்த்து இந்தச் சங்கிலித் தொடர் சேதத்தை விளக்கினார்கள். இன்றைய பவர் கட் மாதிரி யோசியுங்கள். ஒரு சப்ஸ்டேஷன் விழுந்தால் அதன் சுமை பக்கத்து சப்ஸ்டேஷனுக்குப் போகும். அது தாங்காமல் விழும். கடைசியில் மாநிலமே இருட்டாகும். எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைந்திருந்ததுதான் அங்கோரின் பலம். அதுவே பலவீனமும் ஆனது.

இதற்குக் களத்தில் தடயமும் இருக்கிறது. நகரத்தின் தெற்கே ஒரு பெரிய கால்வாய் முழுக்க மணலால் மூடிக் கிடக்கிறது. 'ஸ்பியன் துமா' என்ற பழைய கல் பாலத்தின் கண்கள் இன்று வறண்டு நிற்கின்றன. ஆறு பாலத்தை விட்டு விலகி, பல மீட்டர் ஆழத்தில் தனக்கு வேறு பாதை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. கிழக்கு பாராயின் நடுவில் தீவாக இருந்த மேபோன் கோயிலைச் சுற்றி இன்று வயல்கள்தான்.

ஒரே நாளில் காலியானதா?

இல்லை. அங்கோர் தோம் கோட்டை அகழியின் அடிச்சேற்றை எடுத்துப் பார்த்த 2019 ஆய்வு, 14-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலிருந்தே நகர மையத்தில் மனித நடமாட்டம் மெல்லக் குறைந்ததைக் காட்டியது. அந்த நூற்றாண்டின் முடிவில் அகழியில் செடிகொடி மண்டிவிட்டது. அதாவது அயுத்தயா படை வருவதற்கு முன்பே பராமரிக்க ஆள் குறைந்துவிட்டார்கள்.

மற்றக் காரணங்களும் சேர்ந்துகொண்டன. தேரவாத பௌத்தம் பரவியதோடு, மன்னர் பெயரில் பெரிய கல் கோயில் கட்டும் வழக்கம் நின்றது. சீனாவுடன் கடல் வணிகம் பெருகியபோது, உள்நாட்டுச் சமவெளியைவிட ஆற்று வழியாகக் கடலுக்குப் போகும் வசதியுள்ள தெற்குப் பகுதி லாபமாகத் தெரிந்தது. வசதி உள்ளவர்கள் முதலில் கிளம்பினார்கள். அவர்கள் போனதும் கால்வாயைத் தூர்வார உத்தரவு போடவும் ஆள் இல்லை, மண் அள்ளவும் ஆள் இல்லை. தலைநகரம் இன்றைய புனோம் பென் பகுதிக்கு நகர்ந்தது.

ஆனால் அங்கோர் வாட்டில் வழிபாடு நிற்கவில்லை. 1632-இல் வந்த ஒரு ஜப்பானியப் பக்தர் அங்குள்ள தூணில் மையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 1860-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூஓ 'கண்டுபிடித்தார்' என்று சொல்வது சரியல்ல. பிக்குகளும் சுற்றுவட்டார மக்களும் அங்கேதான் இருந்தார்கள்.

இன்று இது ஏன் முக்கியம்?

1992-இல் அங்கோர் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. சுற்றுலா பெருகியது. சியெம் ரீப்பில் ஹோட்டல்கள் முளைத்தன. அவற்றுக்கான தண்ணீர் நிலத்தடியிலிருந்து உறிஞ்சப்பட்டது. மேலே சொன்ன அதே மணல், அதே ஈரம். நிலத்தடி நீர் மட்டம் அளவுக்கு மீறி இறங்கினால் கோயில்களின் அடித்தளத்துக்கே ஆபத்து என்று நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்.

மறுபக்கம் 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் சியெம் ரீப் வெள்ளத்தில் மிதந்தது. அப்போது அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் செய்தது கவனிக்க வேண்டிய விஷயம். கெமர் காலக் கால்வாய்களையும் அகழிகளையும் தூர்வாரிச் சீரமைத்தார்கள். நெடுங்காலம் வறண்டு கிடந்த வடக்கு பாராயில் மறுபடியும் தண்ணீர் தேக்கினார்கள். பழைய ஏரிகள் இன்று வெள்ளத்தைத் தாங்கும் இடமாகவும் நிலத்தடி நீரை ஊட்டும் இடமாகவும் வேலை செய்கின்றன.

கெமர் பொறியாளர்கள் திறமைசாலிகள். அவர்களின் ஏரிகள் 500 ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாநகரத்தைக் காப்பாற்றின. ஆனால் அவை, அவர்கள் அறிந்த மழையை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. மழையின் குணம் மாறியபோது, அந்தப் பெரிய அமைப்பை மாற்றிக் கட்ட நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அணையோ வடிகாலோ, எந்த ஊரில் கட்டினாலும் 'எந்த மழைக்காக இதைக் கட்டுகிறோம்' என்ற கேள்வி முக்கியம் என்பதே அங்கோர் சொல்லும் பாடம்.

அங்கோர்: முக்கிய ஆண்டுகள்

802 - இரண்டாம் ஜெயவர்மன் பேரரசராக அறிவிப்பு

9-ஆம் நூற்றாண்டு - இந்திரதடாகம், கிழக்கு பாராய் பணிகள்

11-ஆம் நூற்றாண்டு - மேற்கு பாராய்

12-ஆம் நூற்றாண்டு முதல் பாதி - அங்கோர் வாட்

1186 - தா புரோம் கோயில் கல்வெட்டு

1296-97 - ஜோ தாகுவான் வருகை

14-ஆம் நூற்றாண்டு - நீண்ட வறட்சி, நகர மையத்தில் மக்கள் குறைதல்

1431 - அயுத்தயா படையெடுப்பு

1992 - யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்

2012, 2015 - லைடார் ஆய்வுகள்